பஞ்சாலை கார்டு

மலேசியாவில் சிரம்பானிலிருந்து தம்பின் வரைக்கும் பழங்காசு சேர்க்கிறவர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு காசை விலை பேசுவதற்கு முன்னால், "பஞ்சாலை கார்டு இருக்கா?" என்று கேட்டுவிடுவார்கள். இருக்கிறது என்றால் பேரம் தொடங்கும். இல்லையென்றால் காசை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கார்டு என்பது பெரிய சங்கதி ஒன்றுமில்லை. காசு இன்னது, இந்த ஆண்டில் அடித்தது, அசல்தான் என்று அச்சிட்ட, உள்ளங்கையில் அடங்கும் ஓர் அட்டை. காசைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து, திறக்க முடியாதபடி ஒட்டி, கார்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். கார்டின் அடியில் பஞ்சாலை என்ற பெண்ணின் கையெழுத்து இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவளின் கையெழுத்து. ஒவ்வோர் எழுத்தும் மற்றதைத் தொடாமல் தனித்தனியாக நிற்கும்.

லுக்குட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் பஞ்சாலை. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார்கள். அவளும் கொஞ்ச காலம் பால் வாளி தூக்கினாள். ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது ஆட்களைக் குறைத்தார்கள். அவள் லுக்குட் கடைத்தெருவில் ஒரு சீன அடகுக்கடையில் கூட்டிப் பெருக்கப் போனாள். நாளாக நாளாக முகப்புக்கு வந்தாள். அடகுக்கு வரும் சங்கிலி, பவுன், வெள்ளிக்காசு எல்லாம் அவள் கை வழியாகத்தான் உள்ளே போயின. எந்தக் காசு உருக்கி வார்த்தது, எந்தக் காசு அச்சில் அடித்தது என்பதைப் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டாள். வார்த்த காசின் மேல் கொப்புளம் மாதிரி நுண்ணிய புள்ளிகள் இருக்கும். விளிம்பு வரிகள் மழுங்கியிருக்கும். இடது கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு அவள் குனிந்தால், முதலாளிகூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

கணவன் ஆறுமுகம் லாரி ஓட்டினான். மகள் திலகா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, சிம்பாங் அம்பாட் பக்கம் மழையில் லாரி புரண்டு இறந்துபோனான். அதற்குச் சில வருஷம் கழித்துத்தான் முகுந்தன் வந்தான். மீட்காமல் கிடக்கும் பழங்காசுகளை அடகுக்கடைகளில் வாங்கி விற்கிற தொழில் அவனுக்கு. செண்டாயானில் புதுக் கடை வரிசையின் மாடியில் காசுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் கம்பெனி ஒன்றைத் தொடங்கப் போவதாகச் சொன்னான்.

"மெஷின் நான் வாங்கிருவேன்க்கா. ஆனா கண்ணு வாங்க முடியாதுல்ல. நீங்க வந்துருங்க."

அடகுக்கடையில் கிடைத்ததைவிட இரண்டு பங்கு சம்பளம். பஞ்சாலை போனாள். ஆங்கிலத்தில் இருந்த ஒப்பந்தத்தில் அவன் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். அந்தச் சம்பளத்தில்தான் திலகாவைப் படிக்க வைத்தாள். பழைய தோட்டத்து ஓரத்தில், செம்பனைக்கு நடுவே தொழிலாளிகளுக்கென்று கட்டிய வீடுகளில் ஒன்றைத் தன் பெயரில் வாங்கினாள். ஒருமுறை கோலாலம்பூர் காசுக் கண்காட்சிக்கு முகுந்தன் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். முன்பின் தெரியாத ஆட்கள் வந்து, "நீங்கதான் பஞ்சாலையா?" என்று கேட்டுக் கைகுலுக்கினார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்கு உள்ளங்கை கூசிக்கொண்டே இருந்தது.

கண் கெடத் தொடங்கியது சத்தமில்லாமல்தான். அவளுக்கு ரொம்ப நாளாக இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. மாத்திரை போட்டுக்கொண்டு தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் இடது கண்ணில் ஒட்டடை மாதிரி ஏதோ மிதந்தது. கசக்கினாலும் போகவில்லை. பிறகு ஓரத்திலிருந்து புகை கவிகிற மாதிரி ஆனது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். இடது கண்ணில் பார்வை இனிக் குறைந்துகொண்டுதான் போகும், வலதையாவது காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னார்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. திலகாவிடம், கண்ணில் தூசி என்றாள். முகுந்தனிடம், பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லி விடுப்பு எடுத்தாள். கண்ணை நம்பிச் சோறு போடுகிற இடத்தில் கண் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? லென்ஸை வலது கண்ணுக்கு மாற்றிப் பார்த்தாள். ஆயுள் முழுக்க இடது கண்ணால் பார்த்துப் பழகியவளுக்கு அது இன்னொருவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பது போல இருந்தது. மெல்ல மெல்ல இயந்திரங்களை அதிகம் நம்ப ஆரம்பித்தாள். தராசு எடை சொல்லும். இன்னொரு இயந்திரம் உலோகத்தில் வெள்ளி எவ்வளவு என்று சொல்லும். இரண்டும் சரி என்றால் லென்ஸில் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அப்படிப் போட்ட கார்டுகளில் ஒன்றுதான் குலாம் முகம்மதின் கைக்குப் போனது.

குலாம் முகம்மது, பாசார் என்று சொல்லும் தம்பின் சந்தைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் குலாம் நானா. கல்லாவில் வந்து விழுகிற பழைய சில்லறையை எடுத்து வைக்கத் தொடங்கி, அது பிறகு பித்தாகவே ஆகிவிட்டது. கடை மூடியதும் மனைவி ஹசீனா பேகத்தை எதிரில் உட்காரவைத்து, ஒவ்வொரு காசின் கதையையும் சொல்லுவாராம். பள்ளிவாசல் நிர்வாகத்தில் பல வருஷமாகப் பொருளாளர். ஒரு சென் காசுக்குக்கூடக் கணக்குச் சொல்லுவார் என்று பெயர்.

அவர் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தது ராஜா தலை போட்ட ஒரு வெள்ளி டாலர். வெள்ளைக்காரன் காலத்தில், குறிப்பிட்ட ஓர் ஆண்டில் மிகக் கொஞ்சமாக அடித்தது. மற்ற ஆண்டுக் காசுகள் எங்கும் கிடைக்கும். இந்த ஆண்டுக் காசு கண்ணில் படுவதே அபூர்வம். கோலாலம்பூர் வியாபாரி ஒருவனிடம் அது இருப்பதாகவும், பஞ்சாலை கார்டு இருப்பதாகவும் கேள்விப்பட்டதும் அவர் அவளுக்கே போன் போட்டார்.

"பஞ்சாலம்மா, குலாம் பேசுறேன். அந்த ஒத்த டாலர் நீங்க பாத்ததுதானே? பெரிய காசும்மா. கையில இருக்குறதெல்லாம் போட்டுத்தான் வாங்கணும்."

"நான் பாத்ததுதான் நானா. தைரியமா வாங்குங்க."

அந்தக் காசைப் பார்த்தது அவளுக்கு நினைவிருந்தது. விளிம்பில் அரிசி முனை அளவுக்கு ஒரு சிராய்ப்பு, ராஜாவின் கழுத்தருகே நீலம் பாய்ந்த கறை. எடை சரி. வெள்ளியும் சரி. ஆண்டின் கடைசி இலக்கத்தைப் பார்த்தபோது கண்ணில் புகை ஓடியது. அன்றைக்கு ஊசி போட்டு ரொம்ப நாள் ஆகியிருக்கவில்லை.

குலாம் நானா அதை ஆசையாக வைத்திருந்தார். பிறகு கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் அதை விற்கப் போவதாகச் சொன்னதும், காசை விற்றுக் கடையை வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தார். சிங்கப்பூரில் ஓர் ஏலக் கம்பெனிக்குக் கொண்டுபோனார். கூட்டுக்குள் வைத்தபடியே எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, திறந்து பார்க்கலாமா என்று கேட்டார்கள். அவர் சம்மதித்தார். பெரிய கருவியின் அடியில் வைத்துப் பார்த்துவிட்டு, திரையில் அவருக்கும் காட்டினார்கள். காசு அசல்தான், ஆனால் சாதாரண ஆண்டுக் காசு. கடைசி இலக்கத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, வேறொரு காசிலிருந்து வெட்டிய இலக்கத்தை அந்த இடத்தில் ஒட்டியிருந்தார்கள். இலக்கத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு கோடு. எடை இயந்திரமும் வெள்ளி இயந்திரமும் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஒரு கண்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நானா நேராகச் செண்டாயானுக்கு வந்தார். முகுந்தன் அவரை உட்காரச் சொல்லி, கார்டைத் திருப்பி வைத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினான். கூடு திறக்கப்பட்டால் உத்தரவாதம் செல்லாது.

"தெறக்காம எப்படி தம்பி பொய்ன்னு தெரிஞ்சுக்க முடியும்?"

"தெறந்துட்டீங்கல்ல நானா. உள்ள இருந்தது இதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நானாவுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் எழுந்துவிட்டார். வக்கீல் நோட்டீஸ் வந்தது. காசு சேர்க்கிறவர்களின் வாட்ஸப் குழுவில் செய்தி பரவியது. முகுந்தன் பதிலுக்கு நீலாய் பக்கத்தில் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்து, போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தான். நானா அசலை எடுத்துக்கொண்டு போலியை மாற்றி வைத்து ஏமாற்றப் பார்க்கிறார் என்று. அதற்கு ஆதாரமாக, சோதித்தவளின் வாக்குமூலம் ஒன்று வேண்டியிருந்தது.

அவன் காசைப் பஞ்சாலையின் மேசைமேல் கொண்டுவந்து வைத்தான். மறுபடி சோதிக்கச் சொல்லி, எழுதி வாங்கிக்கொண்டு நானாவின் வக்கீல் கொடுத்துவிட்டுப் போனதாம்.

"பாருங்கக்கா. இது நீங்க பாத்த காசு இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

பஞ்சாலை காசைக் கையில் எடுத்த உடனே விரல் விளிம்புச் சிராய்ப்பைத் தொட்டுவிட்டது. நீலக் கறை அங்கேயே இருந்தது. லென்ஸை வழக்கம்போல இடது கண்ணுக்குக் கொண்டுபோனாள். வெறும் புகை. வலது கண்ணுக்கு மாற்றினாள். காசை வெளிச்சத்துக்குச் சாய்த்து, மெல்லத் திருப்பினாள். கடைசி இலக்கத்தைச் சுற்றி அந்தக் கோடு தெரிந்தது. அடகுக்கடை நாட்களில் என்றால் லென்ஸே இல்லாமல் பார்த்திருப்பாள்.

"இதே காசுதான் தம்பி," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

முகுந்தன் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். அவன் கெட்டவன் மாதிரிப் பேசவில்லை. களைத்துப் போயிருந்தான்.

"அக்கா, ஒரு காசுக்கு நட்டஈடு குடுத்தேன்னு வைங்க, நாளைக்கே வரிசையில நிப்பானுங்க. கம்பெனி தாங்காது. எனக்குக் கீழ வேலை செய்ற அத்தன பேரும் தெருவுலதான். அதுவும் இல்லாம, நீங்க சாயின் வெச்ச ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு தெரியுமா? தப்பா சான்று குடுத்தா நட்டம் கையெழுத்துப் போட்டவங்க தலையிலதான். நான் இல்ல, நீங்க. வீடு உங்க பேர்ல இருக்கு. யோசிச்சுக்குங்க லா."

அவள் யோசிக்கத்தான் செய்தாள். ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தின் இடது பாதி கலங்கலாகத் தெரிந்தது. பிறகு அவன் தட்டச்சு செய்து வைத்திருந்த தாளை எடுத்து, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள்.

தம்பின் போலீஸ் நிலையத்தில் குலாம் நானாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கைவிலங்கு ஒன்றும் மாட்டவில்லை. ஆனால் பாசார் பக்கத்துக் கடைக்காரர் போலீஸ் வண்டியில் ஏறியதைப் பாசாரே பார்த்தது. யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே பள்ளிவாசல் பொறுப்பைத் துறந்து கணக்கை ஒப்படைத்தார். கடைக்குப் போனாலும் கல்லாவில் உட்காரவில்லை. தினமும் பசியாற வருகிற பழைய ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள், சிலர் எதிர்க்கடைக்குப் போனார்கள். ஒரு காலையில் தொழுகைக்குக் கை கால் கழுவப் போனவர் குழாயடியிலேயே சாய்ந்துவிட்டார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது.

அந்தச் சேதி பஞ்சாலைக்கு வாட்ஸப்பில்தான் வந்தது. படித்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்றைக்கு வந்த காசுகளுக்கும் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செம்பனைப் பாதையில் ஒரு காடி வந்து அவள் வீட்டு முன்னால் நின்றது. காரை ஓட்டி வந்த பையன், நானாவின் மகன் ஃபவாஸ், இறங்கவில்லை. பின்னாலிருந்து ஹசீனா பேகம் இறங்கினார். பஞ்சாலை அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. யார் என்று கேட்கவும் தேவைப்படவில்லை.

"வாங்கம்மா. உக்காருங்க. தேத்தண்ணி..."

"வேணாம்க்கா. குடிக்க வரல." ஹசீனா பேகம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்து மேசையில் வைத்தார். "இது உங்க கையெழுத்துத்தானே?"

"ஆமா."

"போலீஸ்ல ஒரு தாள் காட்டுனாங்க. அதுலயும் உங்க கையெழுத்து. எங்க ஊட்டுல அவரு வாங்குறதுக்கு முன்னாடி உங்களுக்குப் போன் போட்டப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். தைரியமா வாங்குங்கன்னு சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு."

பஞ்சாலை கார்டில் இருந்த தன் பெயரைப் பார்த்தாள்.

"நான் காசு கேக்க வரலக்கா. கடை போனாப் போகட்டும். அவருக்கு வாயி கோணிப்போச்சு. ஆனா நாள் முழுக்க ஒரே வார்த்தையத்தான் சொல்ல முயற்சி பண்றாரு. எனக்கே ரொம்ப நேரம் வெளங்கல. 'மாத்தல, மாத்தல'ன்றாரு. எங்க கிட்டயே சொல்றாருக்கா, பெத்த புள்ளைங்க கிட்ட. நாங்க நம்பலன்னு நெனைக்கிறாரு." ஹசீனா பேகத்தின் குரல் உயரவே இல்லை. "அவரு மாத்துனாரா? நீங்க பாத்த காசு வேற, இது வேறயா? அத மட்டும் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிருங்க. நான் போயிர்றேன்."

பஞ்சாலை அவர் முகத்தைப் பார்த்தாள். தலையை மட்டும் அசைத்தாள், இல்லை என்று. ஹசீனா பேகம் கார்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். கத்தியிருந்தால், ஏசியிருந்தால் பஞ்சாலைக்குத் தாங்கியிருக்கும்.

மறுநாள் அவள் முகுந்தனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணைப் பற்றி, ஊசியைப் பற்றி, பல் டாக்டர் என்று பொய் சொன்னதைப் பற்றி. அவன் முகத்தில் கோபம் வரவில்லை. ரத்தமே இல்லாமல் வெளுத்துப்போனது.

"எப்பலேருந்து?"

"போன தீபாவளிக்கு முன்னாடிலேருந்து."

"அக்கா, அதுக்கப்புறம் எத்தன கார்டு போயிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "இத வெளிய சொன்னா நான் மட்டும் போகமாட்டேன். நீங்களும் போயிருவீங்க."

"நான் போயாச்சு தம்பி," என்றாள் பஞ்சாலை.

அன்று மாலை திலகா வேலையிலிருந்து வந்ததும் அவளிடமும் சொன்னாள். திலகா ஒரு வக்கீல் அலுவலகத்தில் கிராணியாக, குமாஸ்தா வேலை பார்த்துவந்தவள். நடக்கப்போவது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"கண்ணு தெரியலன்னு என் கிட்டகூடச் சொல்லல," என்று முதலில் அழுதாள். அழுது முடித்துவிட்டு, "போலீஸ்ல சொன்னதப் பொய்ன்னு நீங்களே போய்ச் சொன்னா அது தனிக் கேஸும்மா. எதுக்கு நீங்களாப் போய்க் கழுத்த நீட்டுறீங்க? அவங்க வக்கீலு கோர்ட்டுல பாத்துக்குவாரு. நீங்க வாயத் தொறக்காம இருங்க."

"நானா வாயத்தான் நான் அடச்சுட்டேனே."

மறுநாள் திலகா விடுப்பு எடுத்துக்கொண்டு, அம்மாவைத் தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து தம்பினுக்குக் கூட்டிப் போனாள்.

இன்ஸ்பெக்டர் இளவயது மலாய்க்காரர். முதலில் கொடுத்த தாளையும் இப்போது அவள் சொல்வதையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று கேட்டார். அப்போது சொன்னது என்றாள். மிரட்டினார்களா என்று கேட்டார். பஞ்சாலை கொஞ்சம் யோசித்தாள். முகுந்தன் சொன்னதை மிரட்டல் என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அவள் பாரம் குறையும் என்று திலகாவின் கண் சொன்னது. "பயந்துட்டேன். நானாத்தான் போட்டேன்," என்றாள் மலாயில். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்து வைத்தாள்.

நானாவின் மேல் இருந்த விசாரணையை முடித்துவிட்டார்கள். பொய் வாக்குமூலத்துக்காகப் பஞ்சாலையின் மேல் வழக்குப் போட்டார்கள். மாஜிஸ்திரேட் அவள் வயதையும் நோயையும் பார்த்து அபராதத்தோடு விட்டார். வேலை அதற்கு முன்பே போய்விட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். திலகாவும் அதைத்தான் சொன்னாள். ஆனால் பஞ்சாலை காசு சேர்க்கிறவர்களின் குழுவில் தன் குரலிலேயே ஒரு செய்தி போட்டாள். போன தீபாவளிக்கு முன்னாலிருந்து தான் கையெழுத்துப் போட்ட கார்டு வைத்திருப்பவர்கள் அதை நம்ப வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவந்தால் வலது கண்ணால் தெரிந்த மட்டும் மறுபடி பார்த்துச் சொல்கிறேன் என்று.

ஆட்கள் வந்தார்கள். கிள்ளான், மலாக்கா, சிரம்பானிலிருந்து. சிலர் வாசலிலேயே ஏசிவிட்டுப் போனார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். பெரும்பாலான காசுகள் நல்லவையாகவே இருந்தன. அவற்றை நல்லவை என்று சொல்லும்போதுகூட அவர்கள் நம்பவில்லை. கெட்டவை என்று அவள் சொன்ன ஒவ்வொன்றும் அவள் மேல் இன்னொரு நோட்டீஸாகத் திரும்பி வந்தது. சிலவற்றுக்கு, "எனக்குத் தெரியலங்க, வேற யார்கிட்டயாவது காட்டுங்க," என்றாள். அந்த வார்த்தையைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

தர்மராஜ் என்று சிரம்பான்காரர் ஒருவர் வந்தார். கூட்டைத் திறக்கவே அவர் விடவில்லை.

"அக்கா, நீங்க பாக்க வேணாம். உங்களுக்குக் கண்ணு போனது உள்ளூர்லதான் தெரியும். வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியாது. உங்க கார்டுக்கு இன்னும் அங்க மதிப்பு இருக்கு. இது செல்லாதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதீங்க. நான் தள்ளி விட்டுர்றேன்."

"அப்ப வாங்குறவன்?"

"அவன் இன்னொருத்தனுக்குத் தள்ளுவான். காசு ஓடிட்டேதான இருக்கும்."

பஞ்சாலை கையை நீட்டிக் கார்டைக் கேட்டாள். அவர் கொடுக்கவில்லை. "நீங்க கெட்டது பத்தாதுன்னு எங்களையும் ஏன்க்கா இழுக்குறீங்க?" என்று சொல்லிவிட்டுக் காசைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அந்தக் கார்டு பிறகு எங்கே போனதென்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படி எத்தனை அவள் பெயரைத் தாங்கிக்கொண்டு கைமாறிக்கொண்டிருக்கின்றன என்பதும் தெரியவில்லை. இரவுகளில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது வந்தவர்கள் அல்ல, வராதவர்கள்.

நானாவின் சிவில் வழக்கு சிரம்பானில் நடந்தது. கம்பெனியும் பஞ்சாலையும் எதிர்வாதிகள். விசாரணை தொடங்குவதற்குள் முகுந்தன் கம்பெனியை மூடிவிட்டான். செண்டாயானில் அதே மாடியில் மைத்துனன் பெயரில் புதுப் பெயர்ப்பலகை ஏறியது. கார்டில் கையெழுத்துப் போட இப்போது வேறொரு பெண்ணை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். மூடிப்போன கம்பெனியிடம் வாங்க ஒன்றுமில்லை. ஒப்பந்தத்தின்படி மிச்சமிருந்தது பஞ்சாலை ஒருத்திதான். மற்றவர்கள் போட்ட வழக்குகளில் அவள் வீடு போனது. தோட்டத்து ஓரத்து வீட்டைக் காலி செய்து, சாமான்களை ஒரு சின்ன லாரியில் ஏற்றி, திலகா வாடகைக்குப் பிடித்த அடுக்குமாடி வீட்டுக்குப் போனார்கள். ஆறுமுகத்தின் படத்தைத் திலகா மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

தீர்ப்பு நாளன்று நீதிமன்றத்தில் நானாவின் வக்கீல் எழுந்து, தன் கட்சிக்காரர் இரண்டாம் எதிர்வாதியான பஞ்சாலையின் மேல் உள்ள கோரிக்கையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். பஞ்சாலைக்கு ஆங்கிலம் புரியவில்லை. திலகாதான் காதோடு சொன்னாள்.

வெளியே நடைவழியில் குலாம் நானா சக்கர நாற்காலியில் இருந்தார். ஃபவாஸ் பின்னால் பிடித்திருந்தான். ஹசீனா பேகம் பக்கத்தில் நின்றார். பஞ்சாலை அருகில் போய்க் கை கூப்பினாள்.

"நானா... எப்படிச் சொல்றதுன்னே தெரியல. பெரிய மனசு பண்ணி..."

நானா இடது கையை உயர்த்தி நிறுத்தினார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக, நாக்கில் தடுக்கி வந்தன.

"மனசு... இல்லம்மா. நான் மன்னிக்கல." மூச்சு வாங்கினார். "உங்ககிட்ட... வாங்க ஒண்ணும் இல்ல. அதான்."

ஹசீனா பேகம் கணவரின் தோளைத் தொட்டார். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"போலீஸ்ல நீங்க ரெண்டாவது சொன்னத... பள்ளிவாசல்ல வாசிச்சாங்க. வெள்ளிக்கிழமை. எல்லாரும் இருந்தாங்க." கண் கலங்கியது. அது எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. "மொதல்லயே சொல்லியிருந்தா... நான் நின்னுக்கிட்டுக் கேட்டிருப்பேன்."

ஃபவாஸ் நாற்காலியைத் திருப்பினான். அவர்கள் லிஃப்ட் வரக் காத்து நின்றார்கள். அவர்கள் பக்கத்தில் போய் நிற்க அவளுக்குக் கால் வரவில்லை. திலகாவின் கையை விட்டுவிட்டுப் படிப்பக்கம் போனாள். சுவரில் கை வைத்து, கால் நுனியால் படியின் விளிம்பைத் தடவித் தடவி, இறங்கத் தொடங்கினாள்.